30 கிலோ சிலிண்டரில் 21 கிலோ: புகார்

பெறுநர்: கிளை மேலாளர் அவர்கள்
பொருள்: சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு) சிலிண்டரில் எடைக் குறைவு (இது நான்காவது கடிதம்)

ஐயா,

வணக்கம். கோவை கணபதியில் மிக் வெல்டிங் (கேஸ் விட்டுக்கொண்டே கம்பியை உருக்கிப் பற்றவைப்பது) பட்டறை வைத்திருக்கிறேன். ஆறு வருடமாக உங்களிடம்தான் கேஸ் எடுக்கிறேன். போன மாதம் வந்த சிலிண்டர் 12 மணி நேரத்தில் தீர்ந்துவிட்டது. சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன், எங்கேயும் ஒரு குமிழிகூட வரவில்லை. சரி என்று அடுத்த சிலிண்டரைத் திறக்காமலே பழைய இரும்புக் கடைத் தராசில் ஏற்றினேன். 73.6 கிலோ. சிலிண்டரின் மேல்வளைவில் குத்தியிருக்கும் காலி எடை 52.4. மீதி 21.2 கிலோதான். பில்லில் 30.

உங்கள் ஆபீஸில் போன் எடுத்தவர், "காத்துக்கு எடை பாக்குற மொத ஆளு நீங்கதான் சார்" என்று சிரித்தார். பில்லைக் கிலோவில் போடுவது நானா? "மீட்டர் முள்ளு ஃபுல்லா நிக்குதுல்ல" என்று வைத்துவிட்டார். உள்ளே கேஸ் திரவமாக இருக்கும் வரை அழுத்தம் காட்டும் முள் அசையாது என்று உங்களுக்கே நான் பாடம் எடுக்க வேண்டுமா?

பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் அந்தப் பில்லின் பின்பக்கமே கணக்குப் போட்டுவிட்டாள். கார்பன் 12, ஆக்சிஜன் இரண்டு 16, ஆக ஒரு மோல் (வேதியியலில் பொருளை அளக்கும் அலகு) 44 கிராம். 30,000 கிராம் என்றால் 682 மோல். மோலுக்கு 22.4 லிட்டர் வீதம் சுமார் 15,270 லிட்டர். நிமிடத்துக்கு 15 லிட்டர் விட்டால் 17 மணி நேரம் ஓட வேண்டும். 21.2 கிலோவுக்கு 482 மோல், 10,790 லிட்டர், சரியாக 12 மணி நேரம். 22.4 என்பது 0 டிகிரிக் கணக்கு. நம்ம ஊர் வெயிலுக்கு 24-ஐத் தாண்டும். உங்களுக்குச் சாதகமாகத்தான் போட்டிருக்கிறோம்.

இதில் டிப்போவுக்கு வேறு அலைந்தேன். குட்டியானை வாடகை 900 ரூபாய். போனால் தராசு ரிப்பேர், மேனேஜர் சாப்பிடப் போயிருக்கிறார். மூன்று மணி வரை வெயிலில் நின்றுவிட்டு சிலிண்டரோடு திரும்பினேன். ஒரு கேட் ஆர்டரும் கைவிட்டுப் போனது. என் தொழிலே படுத்துவிட்டது ஐயா.

தயவுசெய்து இரண்டு சிலிண்டருக்கும் குறைந்த எடைக்கான பணத்தையும் வண்டி வாடகையையும் ஏழு நாளில் தரவும். தராவிட்டால் எடை, அளவுகளைச் சோதிக்கும் முத்திரை ஆய்வாளரிடம் மனு கொடுப்பேன், நுகர்வோர் கோர்ட்டுக்கும் போவேன். சிலிண்டரை இன்னும் திறக்கவில்லை. ஆள் அனுப்பினால் தராசோடு அனுப்புங்கள். போனில் சிரித்தவரே வந்தாலும் சரி.

இப்படிக்கு,
பட்டறை உரிமையாளர்