முதலில் வடிகால், பிறகு புல்: எங்கள் குடியிருப்பின் நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். நடுத்திடலில் மறுபடியும் புதுப் புல் சுருள்கள் விரிக்கப்போவதாக அறிவிப்புப் பலகையில் பார்த்தேன். சென்ற முறை விரித்த புல் என்ன ஆனது என்பது உங்களுக்கே தெரியும். நான் கேட்பது ஒன்றுதான்: வடிகால் அமைத்துவிட்டுப் புல் போடுங்கள்.

அறிவிப்பில் புல்லின் வகை இருக்கிறது; வந்திறங்கும் நாள் இருக்கிறது; வீட்டுக்கு வீடு கட்ட வேண்டிய தொகை தடித்த எழுத்தில் இருக்கிறது. வடிகாலைப் பற்றி ஒரு வரி இல்லை.

பட்டுப்போன புல்லின் ஓரத்தை உங்களில் யாராவது கையால் தூக்கிப் பார்த்தீர்களா? பாயைச் சுருட்டுவதுபோல் எழுந்து வருகிறது. வேர்கள் கீழ்மண்ணில் இறங்கவே இல்லை. இறங்கப் பார்த்தவை கறுத்துக் கிடக்கின்றன. அடியில் அழுகிய முட்டை நாற்றம். நோய் என்று மருந்து தெளித்தீர்கள், சத்துக்குறைவு என்று யூரியா தூவினீர்கள். வேர் கேட்டதோ காற்று. மண் துகள்களுக்கு இடையில் காற்று இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீரே நாள்கணக்கில் நின்றால் எந்த உயர்சாதிப் புல்லும் மூச்சுமுட்டிச் சாகும். அங்கே இருப்பது களிமண். அதுவும் கட்டட வேலையின்போது லாரிகள் ஏறி இறங்கி இறுகிப்போனது. புதுப் புல் வேர்பிடிக்க முதல் இரண்டு வாரமாவது தவறாமல் தண்ணீர் விட வேண்டும். இந்த மண்ணில் அந்தத் தண்ணீரே அதற்கு எமன்.

திடலின் சரிவு எங்கள் தரைத்தள வீடுகளை நோக்கி இருக்கிறது. மழை விட்டு மற்ற இடமெல்லாம் காய்ந்த பிறகும் எங்கள் வாசலில் சேறு மிஞ்சும். என் தாயார் ஊன்றுகோலோடு நடப்பவர். திடலுக்கு அப்பால் உள்ள கல் இருக்கையில் அவருடைய தோழிகள் மாலைதோறும் கூடுகிறார்கள். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். ஆனால் பாசியில் ஒரு முறை வழுக்கி விழுந்ததிலிருந்து அவர் வாசற்படியைத் தாண்டுவதில்லை. அங்கிருந்தே கையசைத்துவிட்டு உள்ளே வந்துவிடுகிறார். முறையிட்டபோது நடப்பதற்குப் பலகைகள் போட்டுக் கொடுத்தீர்கள், நன்றி. இப்போது பலகைமேலும் பாசி. பக்கத்திலேயே 'புல்லை மிதிக்காதீர்கள்' என்ற அறிவிப்பு கணுக்கால் நீரில் நிற்கிறது. மிதிக்கப் புல் எங்கே என்பதையும் அதிலேயே எழுதியிருக்கலாம்.

இம்முறை ஒரு லோடு மணல் பரப்பினால் சரியாகிவிடும் என்று ஒப்பந்ததாரர் சொல்கிறாராம். ஆகாது. களிமண்மேல் மெல்லியதாக மணல் பரப்பினால், மணலில் இறங்கும் தண்ணீர் களிமண்ணில் முட்டி அங்கேயே நிற்கும். கொஞ்சம் மணலைக் களிமண்ணோடு கலந்தாலோ, காய்ந்ததும் இன்னும் கெட்டியாகும்.

செய்ய வேண்டியது பெரிய வித்தை அல்ல. ஓரடி ஆழத்தில் ஒரு குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்பி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். ஓர் அங்குலம் இறங்கினால் என் வாயை மூடிக்கொள்கிறேன். இறங்காவிட்டால் சரிவைக் கட்டடத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்புங்கள். மீட்டருக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் போதும். வாய்க்கால் வெட்டி, மண்ணைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடும் வடிதுணியை விரித்து, ஜல்லிக்கு நடுவே துளையிட்ட குழாயைப் பதியுங்கள். குழாயின் மறுமுனை மழைநீர்க் கால்வாயில் சேர வேண்டும். போக்கிடம் இல்லாத குழாய் வெறும் நீளமான தொட்டி. இறுகிய மண்ணை ஒரு சாண் ஆழத்துக்குக் கிளறி, மக்கிய உரம் கலந்து, பிறகு புல்லை விரியுங்கள். மண் ஈரமாக இருக்கும்போது மட்டும் இதைச் செய்ய வேண்டாம். மிதிபட்டு முன்னைவிட இறுகும்.

ஆனால் குழாய் மண்ணுக்கடியில் போய்விடுமே, நாடா வெட்டிப் படம் எடுக்க முடியாதே! இங்கே கண்ணில் படுவதற்குத்தான் பணம் கிடைக்கிறது. ஒழுகும் மாடியை விட்டுவிட்டு ஓதமேறிய சுவருக்கு வண்ணம் பூசினோம். மேல்நிலைத் தொட்டியைக் கழுவ ஆள் கிடைக்காத காலத்தில் நுழைவாயிலுக்கு அலங்கார விளக்கு வந்தது. பொறுத்தருள வேண்டும், புல்லுக்கு வருகிறேன்.

சுருட்டி வரும் புல் காத்திருக்காது. ஓரிரு நாளில் விரிக்காவிட்டால் சுருளுக்குள்ளேயே சூடேறி மஞ்சளாகிவிடும். ஆகவே லாரி வந்து நின்றபின் யோசிக்க நேரமிருக்காது. கொள்முதலை இப்போதே தள்ளிவையுங்கள். வசூலிக்கும் தொகையை முதலில் வடிகாலுக்குச் செலவிடுங்கள். குழி தோண்ட ஆள் இல்லையென்றால் மண்வெட்டியோடு நானே வருகிறேன். எந்த நாள் வசதிப்படும் என்பதை மட்டும் தயவுசெய்து எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
தரைத்தளவாசி ஒருவர்