'பெருந்தன்மை' என்ற அந்த ஒரு சொல்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழின் உயர்கல்விக் கட்டுரையில் ஒரு வரி: '1969-இல் யேல் பல்கலைக்கழகம் பெருந்தன்மையோடு பெண்களுக்குக் கதவைத் திறந்தது.' படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. இருபது வருட வாசகி என்ற உரிமையில் எழுதுகிறேன்.

என்ன பெருந்தன்மை? அமெரிக்காவில் 1701-இல் தொடங்கிய இடம் அது. இளநிலை வகுப்பில் பெண்களைச் சேர்க்க 268 வருடம் ஆனது. நன்றாகப் படிக்கும் பையன்கள் இருபாலர் கல்லூரிகளைத் தேடிப் போக ஆரம்பித்த பிறகுதான் சேர்த்தார்கள். இது தங்களுக்குத் தெரியாததல்ல. வருடத்துக்கு 1000 ஆண்கள் என்ற கணக்கில் ஒருவரைக்கூடக் குறைக்க, யேலின் அப்போதைய தலைவர் கிங்மன் புரூஸ்டருக்கு மனம் வரவில்லை. முதல் வருடம் வந்த பெண்கள் 575 பேர். யேல்காரர்கள் கூடிச் சாப்பிடும் மோரீஸ் மன்றம் 1974 வரை பெண்களை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. மதுபான உரிமம் பறிபோன பிறகே இறங்கி வந்தது.

நான் பட்டதைச் சொல்கிறேன். 1983-இல் நான் சேர்ந்த பொறியியல் கல்லூரியில், எங்கள் வகுப்பின் 60 பேரில் பெண்கள் இரண்டே பேர். பெண்கள் கழிப்பறை அலுவலகக் கட்டடத்தில் மட்டும்தான். வகுப்பு நடுவே எழுந்தால் எல்லாத் தலையும் திரும்பும். அதனால் மத்தியானம் வரை தண்ணீரே குடிக்காமல் இருக்கப் பழகினோம். அதே கல்லூரியின் ஆண்டு மலரில் 'பெண்களை அன்போடு வரவேற்றோம்' என்று பிறகு எழுதினார்கள். அன்று வந்த கோபம்தான் உங்கள் வரியைப் படித்ததும் திரும்ப வந்தது.

சரி, கறுப்பினப் பெண்கள் எங்கே? கட்டுரையில் ஒரு சொல் இல்லை. அந்த முதல் அணியில் வந்த வேரா வெல்ஸ் முயன்றதால்தான் கறுப்பினப் பெண்களைப் பற்றி அங்கே ஒரு பாடமே வந்தது. அதை நடத்திய சில்வியா ஆர்டின் பூன், 1988-இல் நிரந்தரப் பேராசிரியர் ஆனார். அங்கே அந்தப் பதவியை எட்டிய முதல் கறுப்பினப் பெண் அவர். ஒட்டீலியா குரோம்வெல் என்ற கறுப்பினப் பெண் அதே யேலில் 1926-இலேயே முனைவர் பட்டம் வாங்கிவிட்டார். நடுவில் 62 வருடம்! இவர்களுக்கு இடமில்லை, புரூஸ்டர் படத்துக்கு அரைப் பக்கம். உங்கள் இதழில் பெண்கள் எப்போதும் பெட்டிச் செய்திதான். போன வருடம் இதைச் சொல்லி எழுதிய என் கடிதத்தையும் பாதியாக வெட்டித்தான் போட்டீர்கள்.

மகள் பிரசவத்துக்கு, யேல் இருக்கும் நியூ ஹேவன் ஊருக்குப் போயிருந்தபோது, அங்கே ஸ்டெர்லிங் நூலகத்தின் முன்னால் சிற்பி மாயா லின் செய்த கல்மேசையைப் பார்த்தேன். மேலே தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். அந்தத் தண்ணீருக்கு அடியில், மேசைப் பரப்பிலேயே சுழல் சுழலாக, ஒவ்வொரு வருடமும் அங்கே படித்த பெண்களின் எண்ணிக்கை. முதலில் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். விரலால் தொட்டுக்கொண்டே போனேன். பூஜ்யம் முடிவதற்குள் விரல் சில்லிட்டுப்போனது.

அடுத்த இதழில் 'பெருந்தன்மையோடு' என்ற சொல்லை நீக்கி ஒரு வரித் திருத்தம் போடுங்கள். அந்த மேசையின் படத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பூஜ்யங்கள் தெரியும் அளவுக்குப் பெரிதாகப் போட்டால் நன்றி உடையவளாவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொறியாளர், கோவை