தெற்குப் பார்த்த ஆறு பலகைகள்: எல்லோருக்கும் நன்றி

எல்லோருக்கும் வணக்கம். பர்மாவில் மோல்மேன் பக்கம் நம்ம ஊர் அம்மன் கோயிலில் மாசியில் சோலார் போட்டோம், பங்குனித் தீமிதிக்கு வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். அன்றைக்கு ஓடிக்கொண்டே இருந்ததில் யாரிடமும் நின்று நாலு வார்த்தை பேச முடியவில்லை.

ரங்கூனிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் பணம் அனுப்பிய பிள்ளைகளுக்கும், பலகைகளுக்கு வைக்கோல் மெத்தை போட்டு ஒரு கீறல் இல்லாமல் லாரியில் கொண்டுவந்த அண்ணனுக்கும், கூலி வாங்காமல் வயரிங் செய்த மொன் இனத்துத் தம்பிக்கும் (சாப்பாடு போதும் என்றான், மூன்று நாளும் சாம்பார்தான் கேட்டான்) ரொம்ப நன்றி.

அடுத்த நன்றி, சோலார் வேண்டாம் என்றவர்களுக்கு. கோபமாகச் சொல்லவில்லை, அவர்கள் பயந்ததில் நியாயம் இருந்தது. முன்பு ரைஸ் மில்லில் உமியிலிருந்து வாயு எடுத்து இன்ஜின் ஓட்டி சாயங்காலம் ஊருக்கு விளக்கு கொடுத்தார்கள், விளக்கு எரிந்ததென்னவோ உண்மை, ஆனால் வாயுவைக் கழுவிய தார் கலந்த கறுப்புத் தண்ணீர் வாய்க்காலில் ஓடி, அந்தப் பக்கம் துணி துவைக்கவே ஆள் போகவில்லை. யே நகரத்துப் பக்கம் அந்தின் ஊர்க்காரர்கள் 2015-ல் நிலக்கரி மின்நிலையம் வேண்டாம் என்று ஆயிரக்கணக்கில் திரண்டதையும் நாம் மறக்கவில்லை. கரண்ட் என்று யார் வந்தாலும் நாலு கேள்வி கேட்கிற மாநிலம் இந்த மொன் மாநிலம்.

நம்மிடம் வந்த கேள்வி வேறு மாதிரி. பலகையை ஏன் தெற்கே திருப்புகிறீர்கள், அது எமன் திசை ஆச்சே என்றார் ஒரு பெரியவர். நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே 16 பாகையில் இருக்கிறோம், வருடத்தில் பெரும்பகுதி சூரியன் தெற்கேதான் சாய்ந்து போகிறது, அதனால் பலகையும் தெற்கே 16 பாகை சாய வேண்டும் என்று நான் விளக்கி முடிக்குமுன், பூசாரி ஐயா "தட்சிணாமூர்த்தி எந்தப் பக்கம் பார்க்கிறார்?" என்று மட்டும் கேட்டார். பெரியவர் சிரித்துவிட்டார். மறுநாள் ஏணி பிடித்ததும் அவரே.

அப்புறம் இட்லிக்கடை ஆச்சி. ஐந்து மாசம் விடாமல் கொட்டுதே, அப்போ உங்க வெயில் எங்கேடா போகும் என்று கேட்டார். வருடத்துக்கு கிட்டத்தட்ட 5 மீட்டர் மழை பெய்கிற ஊரில் அதை நாங்கள் யோசிக்கவே இல்லை, வெட்கம்தான். பழைய கார் பேட்டரி போதும் என்று இருந்ததை விட்டு லித்தியம் வாங்கினோம், மோட்டாரை வெயில் இருக்கும்போதே ஓட்டித் தொட்டியை நிரப்பிவிடுகிறோம், விற்கப் பார்த்த டீசல் ஜெனரேட்டரையும் வைத்துக்கொண்டோம்.

பிள்ளைகள்தான் மாறவில்லை. கோயில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், தெருவில் அரசாங்கக் கரண்ட் வந்ததும் "மீ லா பீ!" (கரண்ட் வந்தாச்சு!) என்று பர்மியத்தில் அதே கூச்சல்.

வரவு செலவு கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறது, பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை சோலார் பலகையில் காக்காய் எச்சம் துடைக்க இரண்டு பேர் வேண்டும். மழை நெருங்குகிறது, ஆச்சி வைத்த பரீட்சை இனிமேல்தான்.