கம்பியைக் கழற்றாதே

காரைக்குடி
18-8-2024, ஞாயிறு

அன்புள்ள முருகேசனுக்கு,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. மேலே வருடத்தோடு, கிழமையோடு தேதி போட்டிருப்பதைப் பார்த்துச் சிரிக்காதே. காரணம் பின்னால் வருகிறது.

எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. இடது முழங்கால்தான் படியைக் கண்டால் அடம் பிடிக்கிறது. பேத்தி பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். வீட்டு முகப்பில் ஓடு மாற்றிய கூத்தை நேரில் சொல்கிறேன். உன் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது மூன்றாம் பக்கம்.

உன் மாமனார் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர் என்பது தெரியும். அடித்த ஒவ்வொரு வேலையிலும் ஒரு பிரதியைக் கம்பியில் குத்தி வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தார் என்பதை இத்தனை வருடம் ஏனப்பா எனக்குச் சொல்லவில்லை? பரணில் மூன்று மூட்டை! கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, சினிமா நோட்டீஸ், ஆலைக் கதவடைப்பு நோட்டீஸ், பல்பொடி விளம்பரம், கோயில் கொடை ரசீது என்று நீ எழுதிக்கொண்டே போகிறாய். படிக்கப் படிக்க வாயில் எச்சில் ஊறுகிறது. அதற்கு அடுத்த வரியில், "பையன் நல்லதாக இருபது எடுத்துச் சட்டம் போடலாம் என்கிறான், மீதியைப் பழைய பேப்பர்க்காரனுக்கு எடைக்குப் போட்டுவிடலாம்" என்று எழுதியிருக்கிறாய். அங்கேதான் எனக்கு நெஞ்சு அடைத்தது.

எடைக்குப் போடாதே. இருபது எடுக்கவும் செய்யாதே. எல்லாவற்றுக்கும் முன்னால், கம்பியைக் கழற்றாதே.

உனக்கு உபதேசம் செய்ய எனக்கு ஒரு தகுதி உண்டு. நானே இந்தப் பாவத்தைச் செய்தவன்.

அப்பா இறந்தபின் 1998இல் அவருடைய ட்ரங்குப் பெட்டியைத் திறந்தேன். அவர் பர்மாவில் செட்டியார் கடையில் அடுத்தாளாக, அதாவது ஏஜெண்டுக்கு அடுத்த நிலையில் இருந்தவர், 1942இல் தமூ, பாலேல் வழியாக மணிப்பூருக்கு நடந்தே வந்து சேர்ந்தவர் என்பதெல்லாம் உனக்குத் தெரியும். பெட்டியில் தபால் கார்டு, ரசீது, நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம் என்று நூல் போட்டுக் கட்டிய சிறுசிறு கட்டுகள். பள்ளிக்கூட வாத்தியார் புத்தி எனக்கு. இப்படியா வைப்பது என்று எல்லாக் கட்டையும் அவிழ்த்தேன். பைண்டிங் கடையில் சொல்லிப் பெரிய கெட்டி அட்டை நோட்டு ஒன்று தைத்து வாங்கினேன். நாடகம் தனி, சினிமா தனி, கோயில் தனி, அரசியல் தனி என்று பிரித்தேன். ஓரம் கோணலாக இருந்தவற்றைக் கத்தரிக்கோலால் நேராக்கினேன். மைதாப் பசை காய்ச்சி, பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலந்து, அத்தனையையும் ஒட்டினேன். வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் பாராட்டினார்கள். நானும் மார்பை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு நாடக வரலாறு ஆராயும் மாணவி ஒருத்தி அந்த நோட்டைப் பார்க்க வந்தாள். நாலாவது பக்கத்தில் ஒரு ஸ்பெஷல் நாடக நோட்டீஸ். இளஞ்சிவப்புத் தாள். "வருகிற ஜூன் மாதம் 23ந் தேதி சனிக்கிழமை இரவு" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. ஸ்திரீகளுக்குத் தனி இடம் உண்டு என்கிறது, மழை வந்தால் டிக்கெட் பணம் திருப்பித் தரப்படமாட்டாது என்கிறது, எந்த வருடம் என்று மட்டும் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை பார்க்கப்போகிறவனுக்கு வருடம் எதற்கு? "இது எந்த வருஷம், ஐயா?" என்று கேட்டாள். உட்கார்ந்து கணக்குப் போட்டோம். முப்பதுகளிலிருந்து ஐம்பதுகள்வரை ஜூன் 23 சனிக்கிழமையில் விழுவது 1934, 1945, 1951, 1956. நாலில் எது?

அவள் கெட்டிக்காரி. அந்தப் பக்கத்தை மட்டும் நிமிர்த்தி முற்றத்து வெயிலுக்கு நேராகப் பிடித்தாள். "பின்னால் ஏதோ எழுதியிருக்கிறது, ஐயா" என்றாள்.

பழைய தாள் செப்பனிடும் ஒருவரிடம் கொண்டுபோனோம். ஈரமான ஒற்றுத்தாளை மேலே வைத்து, எடுத்து, மறுபடி வைத்து, தட்டையான எலும்புக் கத்தியால் அரிசி அரிசியாகப் பிரித்தார். ஒரு நோட்டீசுக்கு ஒரு பகல் முழுவதும் ஆனது. பின்பக்கத்தில் அப்பாவின் கையெழுத்து. முதலாளிக்கு எழுத நினைத்த கடிதத்தின் நகல். "ரங்கூன் மறுபடி இங்கிலீஷ்காரர் கைக்கு வந்துவிட்டதாகப் பேப்பரில் பார்த்தோம். கடை திறந்தால் என்னை அனுப்புவதாகச் சொல்லியிருப்பது பற்றி வீட்டில் பேசினேன். என் எண்ணம் என்னவென்றால்" என்பதுவரை படிக்க முடிந்தது. ரங்கூன் விழுந்தது 1942 மார்ச், பிரிட்டிஷார் மீட்டது 1945 மே. ஆக, நாடகம் 1945 ஜூன். மாணவி குதித்தாள்.

நான் குதிக்கவில்லை. அப்பா எழுதியது, நாக்கில் தொட்டு எழுதினால் ஊதாவாக விழுமே, அந்தக் காப்பிங் பென்சிலால். தண்ணீர் பட்டால் கரைந்து ஓடும் பென்சில். "என்னவென்றால்" என்பதற்குக் கீழே என் மைதாப் பசை பட்ட இடமெல்லாம் ஒரே ஊதாக் கறை. அப்பா பிறகு பர்மா போகவேயில்லை. போகமாட்டேன் என்று எழுதினாரா? போகிறேன் என்று எழுதி, அவர்கள் கூப்பிடாமல் விட்டார்களா? அந்த நோட்டீஸ் எந்தக் கட்டில் இருந்தது, கூட என்னென்ன தபால் கார்டு இருந்தது என்று தெரிந்தாலாவது ஊகிக்கலாம். நான்தான் கட்டையெல்லாம் அவிழ்த்துவிட்டேனே!

இப்போது உன் மாமனாரின் கம்பியை நினைத்துப் பார். அச்சகத்தில் வேலை முடிய முடிய, ஒன்றன் மேல் ஒன்றாகக் குத்திக்கொண்டே போயிருக்கிறார். வருடம் இல்லாத சினிமா நோட்டீசுக்குக் கீழே ஒரு கல்யாணப் பத்திரிகை, மேலே ஒரு கல்யாணப் பத்திரிகை. கல்யாணப் பத்திரிகையில் தமிழ் வருடம், மாதம், தேதி, நட்சத்திரம், லக்னம் எல்லாம் இருக்கும். நடுவில் மாட்டிய நோட்டீஸ் எங்கே தப்பிப் போகும்? அந்தக் கம்பி ஒரு காலண்டர். கழற்றிக் கலைத்துவிட்டால் மூன்று மூட்டைக் காகிதம் மிஞ்சும். அவ்வளவுதான். உன் பையன் "முக்கியமில்லாதது" என்று ஒதுக்கும் பல்பொடி விளம்பரத்துக்கும் இதே கதைதான்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. 1867ஆம் ஆண்டுச் சட்டத்தால் அச்சான புத்தகங்கள் சர்க்கார் பதிவேட்டில் ஏறின. நோட்டீசும் கல்யாணப் பத்திரிகையும் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. அடியில் அச்சகத்தின் பெயரைப் போட்டார்கள், ஊரெல்லாம் கொடுத்தார்கள், மறுநாள் கடலை மடித்தார்கள். உன் பரணில் இருப்பவற்றில் பல, உலகத்தில் அந்த ஒரு பிரதியாகவே இருக்கலாம்.

எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா இருந்தாரே, நினைவிருக்கிறதா? விளம்பரப் பலகை எழுதுகிற ஓவியர். புத்தகம் சேர்த்தார் என்றால் ஊர் ஒப்புக்கொள்ளும். அவர் நாடக நோட்டீசையும் கல்யாணப் பத்திரிகையையும் பாட்டுப் புத்தகத்தையும் அல்லவா சேர்த்தார்! 1992இல் அவர் காலமானபோது ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படிகள். சிகாகோ பல்கலைக்கழகம் 1994இல் அதை விலைக்கு வாங்கி, கப்பலேற்றிக் கொண்டுபோகாமல் சென்னையிலேயே நூலகமாக்கியது. இப்போது தரமணியில் இருக்கிறது. போன வருடம் போய் அரை நாள் உட்கார்ந்தேன். பழைய சினிமாப் பாட்டுப் புத்தகங்களைப் பார்த்தேன். கதைச் சுருக்கத்தைச் சரியான இடத்தில் நிறுத்தி "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று போடும் குறும்பு இருக்கிறதே, அதற்காகவே இன்னொரு நடை போகலாம். மதியச் சாப்பாட்டைக்கூட மறந்துவிட்டேன், என்னைத் தெரிந்த உனக்கு அது எவ்வளவு பெரிய செய்தி என்று புரியும்.

அங்கே அப்படி. இங்கே எங்கள் ஊர் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் வேறு கதை. ஒரு நாள் நான் நிற்கும்போதே, வெளியூர்க்காரர் ஒருவர் தேக்குச் சட்டம் போட்ட பழைய குடும்பப் படம் ஒன்றை விலை பேசினார். அவருக்குச் சட்டம் போதுமாம், கண்ணாடி பதிக்கப்போகிறாராம். கடைப் பையன் பின்பக்க ஆணியைப் பிடுங்கி, படத்தை உருவி, மூலையில் போட்டான். பதினோரு பேர், நடுவில் நாற்காலியில் ஒரு ஆச்சி. பின்னட்டையில் ஸ்டூடியோ முத்திரை. இருபது ரூபாய்க்கு நான் வாங்கி வந்தேன். யார் என்று தெரியாது. பாரதி 1919இல் இதே காரைக்குடிக்கு வந்தபோது எடுத்த படம் பத்திரமாக இருந்ததால்தானே இன்று நமக்கு அந்த முகம் தெரிகிறது? பாரதியின் அசல் புகைப்படங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

உ.வே.சா. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்கு ஏடு தேடிப் போன கதையை நம் தமிழையா வகுப்பில் சொன்னது ஞாபகமிருக்கும். பழுதான ஏடுகளை நெய்யில் தோய்த்து ஆகுதி செய்ய வேண்டும் என்று ஆகமம் சொல்கிறதாம், செய்துவிட்டார்களாம். அப்போது நாம் "அடப்பாவிகளா" என்று சிரித்தோம். அவர்களாவது நெய் வார்த்தார்கள். நாம் தராசில் அல்லவா வைக்கிறோம்!

யாழ்ப்பாணத்தில் வேறு மாதிரி. 1981இல் பொது நூலகம் எரிந்து ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அங்கே ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் ஒரு சிறு புத்தகம் அச்சிட்டுக் கொடுப்பார்கள். "கல்வெட்டு" என்றுதான் பெயர். இறந்தவரின் பிறந்த ஊர், வம்சம், பார்த்த வேலை, பிள்ளைகள் போன நாடுகள், தேவாரம், இரண்டு வெண்பா. நம் ஊரில் கருமாதிப் பத்திரிகையைப் படித்த கையோடு கிழித்துப் போடுகிறோமே, அதற்கு நேர் எதிர். 2005இல் தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலகத்தில் இந்தக் கல்வெட்டுகளையும் ஏற்றி வைத்திருக்கிறார்கள். ஒரு கிராமத்தில் ஆசிரியராக இருந்தவர் யார், சுருட்டுக் கொட்டில் வைத்திருந்தவர் யார் என்பதை அதில்தான் தேட வேண்டியிருக்கிறது. பெரிய நூலகம் போனபின், வீட்டு அலமாரியில் கிடந்தவை சாட்சிக்கு வந்து நிற்கின்றன.

சரி, வேலைக்கு வருகிறேன். மூட்டையைப் பரணிலிருந்து இறக்கி, தரையில் வைக்காமல் பெஞ்சில் வை, கறையான் வரும். வெயிலில் காயப்போடாதே. இராமபாணப் பூச்சி இருந்தால் வசம்பைத் துணியில் முடிந்து பக்கத்தில் வை, தூளாக்கித் தூவாதே. கம்பி துருப்பிடித்திருக்கும், என்றைக்காவது எடுத்துத்தான் ஆகவேண்டும். எடுக்கும் நாளில் ஒவ்வொன்றின் பின்னாலும் மூலையில் மென்மையான பென்சிலால் எண் போட்டுக்கொண்டே எடுக்க வேண்டும், பேனா ஆகாது. கிழிந்ததற்கு செலோ டேப் ஒட்டினால் நான் உன்னோடு பேசமாட்டேன். நாலு வருடத்தில் அது மஞ்சளாகித் தாளையும் தின்றுவிடும். லாமினேஷனும் அப்படியே, சூட்டில் ஒட்டியதை எந்தக் கொம்பனாலும் பிரிக்க முடியாது. பையன் போனில் படம் எடுக்க ஆசைப்பட்டால் எடுக்கட்டும், பின்பக்கத்தையும் சேர்த்து எடுக்கச் சொல். அந்த ஆலைக் கதவடைப்பு நோட்டீசில் பேர்கள் இருந்தால் வாட்ஸாப் குழுவில் உடனே போட்டுவிட வேண்டாம். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள்.

பிறகு யாரிடம் கொடுப்பது என்பதைச் சேர்ந்து யோசிக்கலாம். கொடுத்தால் மூன்று மூட்டையையும் ஒன்றாக, மாமனாரின் பெயரோடு கொடுப்போம். பொறுக்கி எடுத்துக்கொள்கிறேன் என்று யார் கேட்டாலும் சம்மதிக்காதே.

அடுத்த மாதம் இரண்டாம் வாரம் கோயம்புத்தூர் வருகிறேன். மூன்று நாள் தங்குவேன். பென்சிலும் வெள்ளைப் பருத்தித் துணியும் நான் கொண்டுவருகிறேன். தங்கையிடம் சொல், முழங்கால் காரணமாக மாடியில் படுக்கமாட்டேன், கூடத்தில் பாய் போதும்.

அதுவரை ஒரே ஒரு வேலை செய். உன் கல்யாணப் பத்திரிகையும் மாமனார் கையால் கோத்ததுதானே? அது எந்தக் கம்பியில் இருக்கிறது, அதற்கு மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது என்று பார்த்து எழுது. வெளியே எடுக்காமல், புரட்டி மட்டும் பார்.

உன்,
சிதம்பரம்