ஐஸ் தாங்குமோ எண்டு கேட்டீங்கள்

எட்மன்டன்
மாசி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். நீங்களும் அம்மாவும் சுகமா இருக்க முறிகண்டிப் பிள்ளையாரை வேண்டுறன். போன கிழமை போனில கேட்டீங்கள், "ஐஸுக்கு மேல லொறி போகுமோ, அது தாங்குமோ" எண்டு. பக்கத்தில அம்மா நிண்டபடியா "சும்மா றோட்டுத்தான் அப்பா" எண்டு சொல்லிப்போட்டன். அது பொய். அதுதான் இதை எழுதுறன். அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டேக்கை ஆறு வாற இடத்தை விட்டிட்டு வாசியுங்கோ.

போனது கனடாவின்ர வடக்கில இருக்கிற இனுவிக் எண்ட ஊருக்கு. ஆர்க்டிக் வட்டத்துக்கும் அங்கால. எட்மன்டனில இருந்து மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல. நீங்கள் யாழ்ப்பாணம் கொழும்பு எட்டுத் தரம் ஓடினா வாற தூரம். ஏத்தினது மா, அரிசி, டின் சாமான், கொஞ்சம் மரக்கறி. நீங்கள் தக்காளி வெக்கையில அழுகிப்போகும் எண்டு இராவிராவா ஓடுவீங்கள். இஞ்ச தக்காளி உறைஞ்சு கல்லாப் போகாமல் ட்ரெயிலருக்குள்ள சூடு போட்டுக்கொண்டு ஓடவேணும்.

என்னோட மாறி மாறி ஓட்டினவர் ஒரு பஞ்சாப் ஆள். என்னைவிடப் பத்து வயது மூப்பு, இந்த றோட்டில பழகின கை. கனக்கக் கதைக்கமாட்டார். முதல் நாளே சொன்ன ஒரே புத்தி: "எஞ்சினை நிப்பாட்டாதை." மைனஸ் நாற்பதில டீசல் மெழுகு மாதிரித் தடிச்சுப் போகும். சாப்பிடேக்கையும் படுக்கேக்கையும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். கனநேரம் நிண்ட லொறியின்ர ரயர் நிலத்தில பட்ட பக்கம் தட்டையா இறுகிப்போகும். வெளிக்கிட்டுக் கொஞ்சத் தூரத்துக்கு மாட்டுவண்டில் மாதிரி டக்கு டக்கு எண்டு அடிக்கும். முதல் தரம் சில்லுக் கழருது எண்டு பயந்து நிப்பாட்டிப்போட்டன். அவர் சிரிக்கக்கூட இல்லை.

அலாஸ்கா நெடுஞ்சாலை வரைக்கும் சொல்ல ஒண்டுமில்லை, நல்ல தார் றோட்டு. 1942இல யுத்தத்துக்காக அமெரிக்க ஆமிக்காரர் வெட்டினது. வாட்சன் லேக் எண்ட இடத்தில, அந்த நேரம் றோட்டு வேலைக்கு வந்த ஒரு ஆமிப் பெடியன் ஊர் நினைப்பில தன்ர ஊர்ப் பேரை எழுதி ஒரு பலகை நட்டானாம். அதைப் பாத்துப் பாத்து வாறவையெல்லாம் நட்டு, இப்ப அது ஒரு பலகைக் காடு. டோர்ச் அடிச்சுத் தேடினன், எங்கட ஊர்ப் பேர் கண்ணில படேல்லை. குளிர் கால் மணித்தியாலத்துக்கு மேல தேட விடேல்லை.

டோசன் நகருக்கு இஞ்சால பிரியுது டெம்ஸ்டர் றோட்டு. 736 கிலோமீட்டர், கிட்டத்தட்ட முழுக்கக் கிரவல். 1979இலதான் திறந்தது. அடியில எப்பவும் உறைஞ்சு கிடக்கிற மண். அதை வெட்டித் திறந்தா உருகி றோட்டே தாண்டுபோகும். அதால வெட்டாமல், மேல தடிப்பாக் கிரவலைக் கொட்டிப் போர்த்து மூடி வைச்சிருக்கிறாங்கள். வெக்கை உள்ளுக்குப் போகக்கூடாது எண்டு றோட்டுப் போட்ட ஆக்களை இப்பதான் கண்டன்.

சந்தியில இருந்து அடுத்த டீசல் செட் 369 கிலோமீட்டரில. இடையில கடை, வீடு, போன் ஒண்டுமில்லை. முறிகண்டியில நிண்டு பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் நீங்கள் ஒருக்காலும் போனதில்லையே, அதால நானும் எட்மன்டனில ஒரு தேங்காய் வேண்டிக் கொண்டுபோனனான். சந்தியில இறங்கி வெளிப்பெட்டியைத் திறந்தா, தேங்காய் தன்ர பாட்டில வெடிச்சுக் கிடக்குது. உள்ளுக்குத் தண்ணி வெள்ளை உருண்டை. பிள்ளையார் என்ரை கையை நம்பாமல் தானே உடைச்சுப்போட்டார் போல. பஞ்சாப்காரர் விஷயம் என்னெண்டு கேட்டார், சொன்னன். பேசாமல் தன்ர தலைப்பாகையைத் தொட்டுக் கும்பிட்டிட்டு, ஒரு பாதியைத் தனக்கு எண்டு எடுத்துக்கொண்டு ஏறினார்.

அந்த டீசல் செட் இருக்கிற ஈகிள் பிளெயின்ஸில றோட்டுக் கேற் பூட்டு. முன்னுக்குக் காத்து. மலைக் கணவாய்க்கு இஞ்சால ஒரு வெளி இருக்கு. ஆனையிறவுக் காத்தை நூறாப் பெருக்குங்கோ, லொறியைப் பிரட்டிப் போடுமாம். இரண்டு இரவு அங்க கிடந்தம். அங்கதான் ஒரு கிழவர் இந்த றோட்டுப் பேரின்ர கதையைச் சொன்னவர். 1910 மார்கழியில நாலு பொலிஸ்காரர், நாய் வண்டிலில, போர்ட் மக்பெர்சனில இருந்து டோசனுக்கு வெளிக்கிட்டிருக்கினம். வழிகாட்டி திரும்பவேண்டிய ஓடையைத் தவறவிட்டிட்டான். நாள்க்கணக்காத் தேடி, சாப்பாடு முடிஞ்சு, நாய்களையே திண்டு திரும்பி, நாலு பேரும் செத்துப்போச்சினம். கடைசி இரண்டு பேரும் வெளிக்கிட்ட இடத்துக்கு நாற்பது கிலோமீட்டரில. தேடிப் போய்க் கண்டுபிடிச்சவர் டெம்ஸ்டர். நீங்கள் அடிக்கடி சொல்லுவீங்கள், "பாதை தெரியாட்டி உடன திரும்பு, ரோசம் பாக்காதை" எண்டு. அந்த இரவு அது நித்திரையைக் கெடுத்துப்போட்டுது.

இனி அம்மாவுக்கு வாசிக்காதேங்கோ.

பீல், மக்கென்சி எண்டு இரண்டு ஆறு. இரண்டுக்கும் பாலமில்லை. கோடையில வாகனம் ஏத்திற பாதை (மிதவை) ஓடும், மாரியில ஆறே றோட்டு. தானா உறையிறதை மட்டும் நம்பிறதில்லை: துளை போட்டுக் கீழத் தண்ணியை மேல இறைச்சுப் படைபடையா உறையவிட்டுத் தடிப்பாக்குறாங்கள். அளந்து பாத்து எத்தனை தொன் போகலாம் எண்டு எழுதிப் பலகை வைப்பாங்கள். தடிப்புக் காணாட்டி விடமாட்டாங்கள்.

நான் கேட்டது, தாங்குமெண்டா ஏன் மாடு மாதிரி ஊரவேணும் எண்டு. பஞ்சாப்காரர் கையை மேசை மாதிரிப் பிடிச்சுக் காட்டினார். பாரத்துக்கு ஐஸ் கொஞ்சம் கீழ வளையும். அடியில தண்ணி அலையா எழும்பி லொறிக்கு முன்னால ஓடும். நீ விரட்டினா அலை பெருத்து, கரையில அடிச்சுத் திரும்பி வந்து ஐஸை உடைக்கும். உடைக்கிறது பாரம் மட்டுமில்லையாம், அவசரமும்தானாம்.

பீலில இறங்கேக்கை என்ரை கையில ஸ்டியரிங். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கச் சொன்னார். கீழ வெடி சத்தம், சவுக்கு வீசினமாதிரி நீளமா ஓடுது. பிரேக்கில கால் போட்டுது. "சத்தம் வாறவரைக்கும் பயமில்லை, போ" எண்டார். போனன். அக்கரையில ஏறினாப் பிறகுதான் மூச்சு விட்டது தெரிஞ்சுது. மக்கென்சி இன்னும் அகலம், ஆனா அங்க பயம் பாதியாக் குறைஞ்சிட்டுது. அதுதான் எனக்குப் பிடிக்கேல்லை.

இனுவிக்கில வெயில் மத்தியானத்தை ஒட்டிக் கொஞ்ச மணித்தியாலம்தான். மார்கழியில ஒரு மாதத்துக்குச் சூரியனே எழும்பாதாம். வீடெல்லாம் முளைக்கால் மேல. தண்ணிக் குழாய், கழிவுக் குழாய் எல்லாம் நிலத்துக்கு மேலால ஓடுது. ஒரு குட்டிப் பள்ளிவாசலும் இருக்கு. 2010இல வின்னிப்பெக்கில கட்டி, லொறியிலயும் பிறகு ஆத்தில பார்ஜிலயும் நாலாயிரம் கிலோமீட்டர் கொண்டுவந்தவையாம். கொண்டுவந்த டிரைவரை நினைச்சன், வேற ஒண்டும் தோணேல்லை. சாமான் இறக்கேக்கை ஒரு பொம்பிளை தக்காளிப் பெட்டியைத் திறந்து, ஒண்டை எடுத்து மணந்து பாத்திட்டு வைச்சா.

திரும்பி வரேக்கை வெறும் ட்ரெயிலர். காத்துக்கு அதுதான் கூடப் பயம், உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

காசு இந்தமுறை கூட அனுப்புறன், கண் ஒப்பரேசனுக்கு நாள் எடுங்கோ. பங்குனியில இன்னொரு ஓட்டம் இருக்கு, ஆறு உருகமுன்னம். அம்மா கேட்டா எட்மன்டனுக்குள்ளதான் ஓடுறான் எண்டு சொல்லுங்கோ. முறிகண்டிப் பக்கம் போனா எனக்கும் சேர்த்து ஒரு தேங்காய் உடையுங்கோ, கச்சானும் வேண்டுங்கோ.

உங்கள் மகன்