பேரேட்டில் ஏறிய பெயர்

மக்களே,

ஃப்ரீமேசன் சங்கத்தின் லாட்ஜில், அதாவது அவர்கள் கிளைச் சபையில், உன்னைச் சேர்த்துக்கொண்டு ‘என்டர்ட் அப்ரென்டிஸ்’ என்று கூப்பிடுகிறார்கள், ‘உள்ளே நுழைந்த சிஷ்யன்’ என்றுதானே பொருள் என்று எழுதியிருந்தாய். அது சரியில்லை. அந்த ‘என்டர்ட்’ வாசலைக் குறிக்கவில்லை, பேரேட்டைக் குறிக்கிறது.

இந்தப் பேரெல்லாம் பழைய கல்தச்சர் லாட்ஜிலிருந்து வந்தவை. அந்தக் காலத்து ஸ்காட்லாந்தில் பையனை ஒரு கல்தச்சரிடம் வேலை படிக்க விடுவார்கள். லாட்ஜ் புத்தகத்தில் அவன் பேர் உடனே ஏறாது, சில வருஷம் கழியணும். பேர் ஏறியவன்தான் என்டர்ட் அப்ரென்டிஸ். 1598 டிசம்பர் 28 தேதியிட்டு, ஆறாம் ஜேம்ஸ் மன்னரின் கட்டட வேலைகளுக்குத் தலைவராயிருந்த வில்லியம் ஷா சட்டம் எழுதினார். சிஷ்யனைக் குறைந்தது 7 வருஷத்துக்கு எடுக்கணும். அது முடிந்து இன்னும் 7 வருஷம் போனால்தான் ‘ஃபெல்லோ ஆஃப் கிராஃப்ட்’, அதாவது தேர்ந்த தொழில்காரன் என்ற அடுத்த படி. அவனைச் சேர்க்கும்போது 6 மாஸ்டரும் 2 என்டர்ட் அப்ரென்டிசும் கூட இருக்கணும். நாள், பேர், அவன் கல்லில் வெட்டும் குறி எல்லாம் புத்தகத்தில் பதியணும். அந்த 2 பேரைக் கவனி. சிஷ்யன் இல்லாமல் சபை கூடவில்லை. உன் பட்டத்தைத் தாழ்ந்தது என்று நினைக்காதே.

‘மாஸ்டர் மேசன்’ என்ற மூன்றாவது பட்டம் தனிப் படியானது பிற்பாடு, லண்டனில் 1717-ல் லாட்ஜுகளுக்கு மேலான கிராண்ட் லாட்ஜ் வந்தபின் 1720-களில். அதற்கு முன் மாஸ்டர் என்றால் சொந்தமாக வேலை எடுத்து நடத்துகிறவர், அவ்வளவுதான்.

‘ஃப்ரீமேசன்’ என்பதிலுள்ள ‘ஃப்ரீ’யை எல்லாரும் சுதந்திரம் என்றே சொல்வார்கள். எனக்கு ‘ஃப்ரீஸ்டோன்’ என்ற கல்லே சரியாகப் படுகிறது. மயிலாடிப் பட்டறையில் கருங்கல் எந்தப் பக்கம் பிளக்கும் என்று பார்த்துத்தான் குழி போட்டு ஆப்பு இறக்குவார்கள். குழி வரிசை தப்பினால் கல் வேறு பக்கம் ஓடிவிடும். ஃப்ரீஸ்டோன் அப்படியில்லை. பொடி மணியான சுண்ணாம்புக்கல்லோ மணற்கல்லோ, எந்தப் பக்கம் உளி வைத்தாலும் இணங்கும். பூவும் முகமும் செதுக்க அதைத்தான் எடுத்தார்கள். அதில் கை தேர்ந்தவனுக்குத்தான் அந்தப் பேர்.

முதல் படியில் உனக்கு அடையாளமாகச் சொல்லும் கருவிகள் 24 அங்குலக் கோல், சுத்தியல், உளி. மூன்றும் கரடுமுரடான கல்லைத் தட்டி எடுக்கிறவை. மூலைமட்டமும் ரசமட்டமும் தூக்குக்குண்டும் அடுத்த படிக்கு. மட்டம் பிடிக்க முதலில் ஒரு முகமாவது தட்டி நேராக்கியிருக்கணும், அதனால்தான் இந்த வரிசை.

சபை விதிப்புத்தகத்தில் உன்னைக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். இனிஷியலோடு முழுப்பேரும் தெளிவாக எழுது, கிறுக்காதே.

அப்பா