கடைசி எண்ணை மாற்றிப் பார், மச்சான்

கல்லடி, மட்டக்களப்பு
கார்த்திகை மழைக்குள் ஒரு வெள்ளிக்கிழமை

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்துப் பத்து நாளாகிறது. மறுமொழி பிந்தியதற்கு வேலையைச் சாட்ட முடியாது. வயலெல்லாம் தண்ணீர், எல்லைக்கல் எங்கே கிடக்கிறதென்று தெரியாத வளவை என்னைப் போல நிலம் அளக்கிற எந்த சேவையர் அளப்பார்? கந்தோரில் சும்மா குந்தியிருந்து வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைவு. உன்னைக் கேட்டா, "அக்கரைப்பற்றான் இந்தப் பக்கம் வாறதே இல்லையா?" என்று.

சரி, நீ கேட்ட விசயம். உன் வரிக் கந்தோருக்கு வருகிறவர்கள் தங்கள் கோப்பு எந்த நிலையில் இருக்கிறதென்று தாங்களே இணையத்தில் பார்க்க ஒரு போர்ட்டல் வேணும், மலிவாக எது என்று எழுதியிருந்தாய். இதைச் செய்து முடித்தவன் நான் என்றும் எழுதியிருந்தாய். எங்கே முடித்தேன்? ஒருமுறை மானம் போய், மறுகா ஒருவாறு நிமிர்ந்தேன்.

மானம் போன கதையை முதலில் கேள். எங்கள் பதிவேடு முழுக்க கூகுள் ஷீட்டில். 1,400 கோப்பு. அதில் நடப்பில் இருப்பது 60 வரும். ஒரு வாடிக்கையாளருக்கு அவர் பெயர் நிற்கிற வரியை மட்டும் வடிகட்டி, மற்ற நெடுவரிசைகளை மறைத்து, "பார்க்க மட்டும்" என்று பகிர்ந்தேன். அவர் கெட்டிக்காரர். ஒரு பிரதி எடுத்து, மறைத்ததைத் திறந்து, எல்லாரையும் பார்த்துவிட்டார். அவர் பெயருக்கு நேரே, குறிப்பு என்ற இடத்தில், நான் எழுதி வைத்திருந்தது: "காசு கேட்டால் கதை சொல்வார்." அடுத்த நாள் கந்தோருக்கு வந்து, மீதிக் காசை மேசையில் எண்ணி வைத்துவிட்டு, "இனிக் கதை சொல்லமாட்டன் தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

மறைப்பதும் பூட்டுவதும் வேறு வேறு என்று அன்றைக்குத்தான் விளங்கியது. ஷீட்டில் வடிகட்டுவது கண்ணுக்குத்தான். தரவு முழுவதும் மற்றவர் கைக்குப் போய்விடுகிறது. போர்ட்டல் என்று விற்கிறவர்கள் எல்லாரும் "ஒவ்வொருவரும் தன்னுடையதை மட்டும் பார்ப்பார்" என்றுதான் சொல்வார்கள். அந்தத் தெரிவு தரவு இருக்கிற அவர்களுடைய கணினியில், அதாவது சேர்வரில் நடக்கிறதா, பார்க்கிறவரின் திரையில் மட்டுமா என்பதைத்தான் நீ கேட்க வேணும். கேட்டாலும் சொல்லமாட்டார்கள், அதனால் நீயே பார். இரண்டு பொய் வாடிக்கையாளரைப் போடு. ஒருவராக உள்ளே போ. அவருடைய கோப்பைத் திறந்து, மேலே இணைய முகவரியின் கடைசியில் நிற்கிற எண்ணை ஒன்று கூட்டித் தட்டு. நான் பார்த்த ஒன்றில், பெயர் வேண்டாம், மற்றவருடைய பிளான் அப்படியே சிரித்துக்கொண்டு வந்தது. அன்றே கணக்கை மூடினேன்.

விலைக்கு வருவோம். ஷீட்டில் இருந்தே இப்படி ஒன்றைக் கட்டித் தருகிற ஆப்ஷீட்டின் ஆரம்பத் திட்டம் ஆளுக்கு மாதம் 5 டொலர். ஐந்துதானே என்று நினைப்பாய். என்னுடைய 60 பேரைப் போட்டால் 300 டொலர், ஒரு டொலரை 300 ரூபாயாகப் பிடித்தாலே 90,000. கந்தோரில் பிளான் வரைகிற பொடியனுக்கே நான் அவ்வளவு கொடுப்பதில்லை. அதுவும் என் ஆட்கள் இரண்டு மாதம் எட்டிப் பார்ப்பார்கள், பிளான் கைக்கு வந்ததும் ஆளையே காணக் கிடைக்காது. வருடம் முழுக்க வருகிற 40 பேர் உனக்கு, அதனால் கணக்கு வேறு. ஆனாலும் தலைக்கு இவ்வளவு என்பதை விட, மாதத்துக்கு இவ்வளவு, இத்தனை பேர் வரை என்கிற திட்டம்தான் நமக்குத் தோது. 2022 இல் டொலர் 200 இலிருந்து 360 வரை ஏறியதே, அந்த ஆண்டை மறந்துவிட்டு டொலர் பில் எதிலும் கையெழுத்து வைக்காதே.

ஷீட் மாதிரியே இணையத்தில் பதிவேடு வைக்கிற எயார்டேபிளையும் பார்த்தேன். வடிவு, சந்தேகமில்லை. இலவசத் திட்டத்தில் ஒரு பேஸுக்கு, அதாவது ஒரு பதிவேட்டுக்கு, 1,000 பதிவு, என்னுடையது 1,400. சொந்த சேர்வரில் அதே மாதிரியான நோகோடிபி, பேஸ்ரோ வைக்கலாம் என்று கொழும்பில் வேலை செய்கிற மச்சினன் சொன்னான். மென்பொருள் இலவசம்தான், ஆனால் இரவு பதினொரு மணிக்கு அது விழுந்தால் எழுப்புவது நான். இணையத்தில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் தருகிற சுப்பாபேஸில், யார் எந்த வரியைப் பார்க்கலாம் என்று தரவுத்தளமே தடுக்கிற வரிக் காவலைப் போட்டால் பூட்டு உண்மையான பூட்டு, அது எனக்குப் பிடித்தது. ஆனால் இலவசத் திட்டத்தில் ஒரு வாரம் யாரும் தொடாவிட்டால் அது நித்திரைக்குப் போய்விடும். இந்த மழைக்கு எங்கள் கந்தோரும் அப்படித்தான்.

பிறகு ஒரு நாள், 1,400 ஐயும் ஏன் வெளியே வைக்க வேணும் என்று யோசித்தேன். நடப்பில் இருக்கிற 60 மட்டும் போதாதா? ஐந்தே நெடுவரிசை: பிளான் இலக்கம், எந்தக் கட்டம், அளவைக்குப் போகும் திகதி, மீதிக் காசு, முடிந்த பிளானின் பிடிஎஃப். குறிப்பு நெடுவரிசை கந்தோர்க் கணினியை விட்டு அசையாது. பிளான் கையளித்ததும் வரியை அழித்துவிடுவேன். இவ்வளவு சிறிதாக்கியதும் மாதத்துக்கு ஒரே தொகை கேட்கிற ஒன்றின் அடிமட்டத் திட்டமே போதுமாகிவிட்டது.

நீயும் அதையே செய். வருமானத் தொகையை ஒருபோதும் அதில் போடாதே. "ஆவணம் வந்தது, கணக்கு முடிந்தது, தாக்கல் செய்தாச்சு" என்ற நிலை போதும். நவம்பர் 30 நெருங்கும்போது உன் தொலைபேசி அடிப்பது அதைக் கேட்கத்தானே. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது, அதை என்னை விட நீ வாசித்திருப்பாய்.

என்னை ஆகவும் வருத்தியது போர்ட்டல் இல்லை, பாமினி. 2012 க்கு முந்திய பெயர்கள் முழுக்க அந்த எழுத்துருவில் தட்டியவை. போர்ட்டலில் ஏற்றியதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நின்றன. ஒரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கினேன், ஆனாலும் கொம்பு, கால் எல்லாம் இடம் மாறி நின்ற பெயர்களைக் கையாலேயே திருத்த வேண்டியிருந்தது. உன்னிடமும் அந்தக் காலத்துக் கோப்பு இருக்கும். முதலில் அதைப் பார், போர்ட்டலை மறுகா வாங்கு. பதிவேட்டை சிஎஸ்வியாக, வெறும் எழுத்துக் கோப்பாக, இறக்கி வைக்கிற பழக்கத்தையும் விடாதே, எக்செல்லில் திறக்கும்போது யூடிஎஃப்-8 என்று தெரிவு செய், இல்லாவிட்டால் தமிழ் சிதறும்.

கனடாவில் இருந்து இரவு இரண்டு மணிக்கு, "என்ட வளவு அளந்தாச்சா?" என்று அடிக்கிறவர்கள் அடங்கிவிட்டார்கள். மின்னஞ்சலுக்கு ஒரு இணைப்பு வரும், தட்டினால் உள்ளே. வந்தாறுமூலையில் இருந்து வருகிற ஐயாவுக்கு மின்னஞ்சல் இல்லை. அவருக்கு வட்ஸ்அப்பில் குரல் பதிவுதான், அதையும் பேரன் போட்டுக் காட்டுவான்.

தாக்கல் எல்லாம் முடிந்து டிசம்பரில் வா. இரண்டு பொய் வாடிக்கையாளரை இங்கேயே போட்டுப் பார்ப்போம், நீ எண்ணை மாற்று, நான் பார்க்கிறேன். வரும்போது அம்மாவுக்கு ஒரு சட்டி எருமைத் தயிர்.

உன்ட பழைய வாங்குக் கூட்டாளி